பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது, நாற்பது ஆண்டு வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் கூடுதல் சக்திக்காக வேறோர் எஞ்சினை ஏற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. "எந்த எஞ்சின் நல்லது?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். என் பதில்களில் பெரும்பகுதியோ அந்த எஞ்சினைச் சுற்றியிருக்கும் பாகங்களைப் பற்றியே இருக்கும். எவ்வளவு எடையை, எவ்வளவு முறுக்குவிசையை, எவ்வளவு சூட்டைத் தாங்க முடியும் என்பதை அந்தக் காரை வடிவமைத்தவர்கள் அன்றே தீர்மானித்துவிட்டார்கள். நம் கையில் இருப்பது அந்த வரம்புக்குள் பொருந்துகிற எஞ்சினைத் தேடுவது மட்டுமே.

எஞ்சினை மாற்றாமலேயே சக்தியைக் கூட்ட முடியாதா?

முடியும், முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகள், சரியாக உட்காராத வால்வுகள், ஆண்டுக்கணக்கில் கழற்றிச் சுத்தம் செய்யாத கார்புரேட்டர், தளர்ந்த டைமிங் செயின் ஆகியவை சேர்ந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த சக்தியில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகின்றன. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்து, இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்து, ஒருமுறை டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஓட்டி அளந்த பிறகும் போதவில்லை என்றால்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அடுத்ததாக, அதே எஞ்சின் குடும்பத்தில் பெரிய கொள்ளளவு கொண்டது ஏதேனும் உண்டா என்று பாருங்கள். 1989-இல் 1.6 லிட்டர் எஞ்சினுடன் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில், அதே வரிசையில் சில ஆண்டுகள் கழித்து வந்த 1.8 லிட்டர் எஞ்சின் பெரிய வெட்டல் ஒட்டல் வேலை இல்லாமல் பொருந்திவிடுகிறது. கேட்பதற்கு இதில் கிளர்ச்சி எதுவும் இல்லைதான். ஆனால் வேலை தொடங்கிய மாதத்திலேயே கார் மீண்டும் சாலையில் ஓடும் மாற்றங்கள் பெரும்பாலும் இத்தகையவையே.

குதிரைத்திறனைப் பார்க்க வேண்டுமா, டார்க்கைப் பார்க்க வேண்டுமா?

இரண்டும் ஒரே பொருளின் இரு அளவுகள்தான். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, நிமிடத்துக்கான சுழற்சியால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி கிடைத்துவிடும். இந்தச் சிறு கணக்கு, எஞ்சின் தேர்வில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. 150 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைத்திறன் தரும் இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அதை 7500 சுழற்சியில் தருகிறது. அப்போது அதன் டார்க் 191 நியூட்டன் மீட்டர். இன்னொன்று 4500 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. அதன் டார்க் 318. சக்தி ஒன்றாக இருந்தும், இரண்டாவது எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆகியவற்றின் மீது விழும் முறுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எனவே, மெல்லிய கியர்பாக்ஸ் உள்ள ஓர் இலகுவான பழைய காருக்கு, உயரச் சுழலும் சிறிய எஞ்சின் பெரும்பாலும் பொருத்தமான துணை. அதற்கேற்ற குட்டையான கியர் விகிதமும், கியர் லீவரில் அடிக்கடி கை வைக்கிற மனமும் தேவைப்படும். கீழ்ச்சுழற்சியிலேயே காரைத் தள்ளிக்கொண்டு போகும் சுகம்தான் வேண்டும் என்பவர்கள், பின்பக்கப் பாகங்கள் அனைத்தையும் மாற்றும் செலவையும் எஞ்சின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கனமான எஞ்சின் வைத்தால் என்ன கெட்டுவிடும்? சக்திதான் கூடுகிறதே!

இந்தக் கேள்விக்கு ஒரு தொழிற்சாலையே இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது. 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 1798 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சின் இருந்தது. கூடுதல் சக்திக்காக 1967-இல் அதே உடலில் 2912 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினை இறக்கி, எம்ஜிசி என்ற பெயரில் விற்றார்கள். அந்த எஞ்சின் பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கனமானது. அதற்கு இடம் கொடுக்க முன்பக்க சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருந்தது, பானட்டிலும் ஒரு புடைப்பு வந்தது. நேர்சாலையில் விரைந்த கார் வளைவுகளில் திரும்ப மறுக்கிறது, மூக்கு கனக்கிறது என்று அன்றைய சோதனையாளர்கள் குறைகூறினார்கள். 1969-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது.

பிறகு 1973-இல், அதே உடலில் ரோவர் நிறுவனத்தின் 3528 சி.சி. வி8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரு வரிசையாக நிற்பது) வைத்தார்கள். சிலிண்டர் எண்ணிக்கை இரட்டிப்பு, கொள்ளளவும் ஏறக்குறைய இரட்டிப்பு; ஆனால் முழுக்க அலுமினியத்தில் வார்த்த எஞ்சின் என்பதால், நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட அது 18 கிலோதான் கூடுதல். காரின் சமநிலை பெரிதாகக் குலையவில்லை. இன்றுவரை பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் தாமாக ஏற்றுகிற எஞ்சின்களில் இதுவே முன்னிற்கிறது. ஒரே உடலில் ஆறு பொருந்தவில்லை, எட்டு பொருந்தியது என்ற இந்த விந்தையை, சிலிண்டர் எண்ணிக்கையை வைத்தே எஞ்சினை எடைபோடும் நண்பர்களிடம் நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

எவ்வளவு எடை என்பதோடு, எங்கே எடை என்பதும் முக்கியம். 2.25 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள ஒரு காரில் 60 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் முன் ஆக்சிலுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் அமைந்தால், முன்சக்கரங்கள் மீது சுமார் 55 கிலோவும் பின்சக்கரங்கள் மீது 5 கிலோவும் ஏறும். அதே மையம் ஆக்சிலுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டால் முன்பக்கம் 65 கிலோ ஏறும், பின்பக்கம் 5 கிலோ இறங்கும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் நீளமான நேர்-ஆறு எஞ்சின்களைவிடக் குட்டையான வி எஞ்சின்களைப் பின்னோக்கித் தள்ளி வைக்க முடிவது இதனால்தான் பெரிய நன்மையாகிறது. டொயோட்டாவின் 2ஜேஇசட் போன்ற இரும்புப் பிளாக் நேர்-ஆறு எஞ்சின்கள் உறுதிக்குப் பெயர்போனவை. அவற்றுக்கென்றே நீண்ட மூக்குடன் பிறந்த கார்களில் அவை அழகாக உட்காரும். ஒரு டன்னுக்கும் குறைவான சிறு ரோட்ஸ்டரில் அவற்றைத் திணிப்பது எம்ஜிசியின் தவறை நம் செலவில் மறுபடி செய்வதாகும்.

வேலை தொடங்கும் முன் காரின் நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்தி எடை குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பின்னும் அதையே செய்யுங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த எட்டு எண்கள் இல்லாமல் எவராலும் சரியாக வழிசொல்ல முடியாது.

எஞ்சின் பேயில் (பானட்டுக்கு அடியில் எஞ்சின் அமரும் அறையில்) இடம் போதுமா என்பதை எப்படி அறிவது?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துவிட்டுப் போதும் என்று முடிவுசெய்பவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள். எஞ்சின் ஒரு பெட்டி அல்ல. அது இடிக்கிற இடங்கள் பெரும்பாலும் அதன் ஓரங்களில் தொங்குபவை: ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) ஆழமான பகுதி, ஸ்டார்ட்டர் மோட்டார், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், பிரேக் பூஸ்டரின் முன்னால் வந்து நிற்கும் வால்வு கவர்.

இவற்றில் ஆயில் சம்ப்பை முதலில் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் ஆயில் தேங்கும் குழி முன்பக்கம் இருக்கிறது, சிலவற்றில் பின்பக்கம். உங்கள் காரின் ஸ்டீயரிங் ராக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) குறுக்குச் சட்டமும் எங்கே ஓடுகின்றனவோ, குழி அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சம்ப்பை வெட்டி மாற்றி வெல்டிங் செய்ய நேரும். அதோடு ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயையும் இடம் மாற்ற வேண்டும். அந்தக் குழாயின் வாய்க்கும் சம்ப்பின் அடித்தளத்துக்கும் இடையே விடும் இடைவெளி தவறினால் எஞ்சினுக்கு ஆயில் கிடைக்காது.

1964-இல் வந்த சன்பீம் டைகர் இந்த இட நெருக்கடிக்குப் புகழ்பெற்ற சாட்சி. சன்பீம் ஆல்பைன் என்ற நான்கு சிலிண்டர் காரில் ஃபோர்டின் 260 கன அங்குல வி8 எஞ்சினை ஏற்றிப் பிறந்த கார் அது. பழைய ஸ்டீயரிங் பெட்டியை எடுத்துவிட்டு ராக் அமைப்பு வைத்தார்கள். அப்படியும் இடம் போதாமல், கடைசி ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்ற ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள சுவரில்) ஒரு துளையிட்டு, கேபினுக்குள்ளிருந்து ரப்பர் மூடியைத் திறந்து கைவிட வேண்டிய நிலை வந்தது. தொழிற்சாலை செய்த வேலையிலேயே இப்படி என்றால், நம் கொட்டகையில் செய்யும் வேலையில் எத்தனை வரும் என்று முன்கூட்டியே யோசித்துவைக்கலாம். எஞ்சினை இறக்கிய பிறகு ஆயில் ஃபில்டரைக் கழற்ற முடிகிறதா, ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழுதான, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு காலி பிளாக்கும் ஹெட்டும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சினைத் தொங்கவிட்டு இருபது முறை ஏற்றி இறக்குவதைவிட, அதை வைத்து மவுண்டுகளை அளப்பது எளிது. பானட் உயரத்தை அறிய வால்வு கவர் மேல் களிமண் உருண்டைகளை வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய உருண்டையின் தடிமனே இடைவெளியைச் சொல்லிவிடும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் அசையக்கூடியது என்பதால் அந்த இடைவெளி சற்றுத் தாராளமாகவே இருக்கட்டும்.

குறுக்கே வைக்கும் எஞ்சினை நெட்டுவாக்கில் வைக்கலாமா?

வைக்கலாம், வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஹோண்டாவின் கே20, கே24 எஞ்சின்கள் முன்சக்கர இயக்கக் கார்களுக்காகக் குறுக்குவாக்கில் பிறந்தவை. இன்று அவை பின்சக்கர இயக்க எம்எக்ஸ்-5 கார்களில் பரவலாக ஏறுகின்றன. அலுமினிய எஞ்சின், உயரச் சுழல்கிறது, பழையதோடு ஒப்பிட்டால் மூக்கின் எடையும் பெரிதாகக் கூடுவதில்லை. இதே நிறுவனத்தின் முந்தைய பி வரிசை எஞ்சின்கள் மற்ற எஞ்சின்களுக்கு நேரெதிர் திசையில் சுழல்பவை என்பதால், வேறு கார்களின் கியர்பாக்ஸோடு அவற்றை இணைப்பது வீண்வேலை. கே வரிசை வழக்கமான திசையில் சுழல்கிறது.

எஞ்சினைத் திருப்பி வைக்கும்போது மூன்று தொல்லைகள் எழும். ஆயில் சம்ப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். குறுக்கே இருந்தபோது காரின் வளைவுகளில் ஆயில் ஒரு திசையில் அலைந்தது, இப்போது வேறு திசையில் அலையும், அதற்கேற்ப உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். பிறகு, ஒரு காலத்தில் காரின் பக்கவாட்டில் இருந்த எஞ்சினின் முனை இப்போது ஃபயர்வாலை முட்டும். டொயோட்டா ஏஇ86 காரில் 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினை ஏற்றுபவர்கள் முதலில் மோதுவது இதில்தான்: டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் ஃபயர்வாலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தட்டிக் குழிப்பதா, டிஸ்ட்ரிபியூட்டரை நீக்கித் தனிக் காயில் இக்னிஷன் வைப்பதா என்ற முடிவு அங்கே எடுக்கப்படுகிறது. நான் இரண்டாவதன் பக்கம். மூன்றாவது தொல்லை, கூலன்ட் குழாய்களின் வழி. அது சலிப்பான வேலையே தவிரக் கடினமானது அல்ல.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

புதிய எஞ்சினின் உச்ச டார்க், பழையதைவிட மூன்றில் ஒரு பங்குக்குள் கூடினால் நிதானமான ஓட்டுநரின் கையில் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்தக் கணிப்பு. அதற்கு மேல் போனால் எஞ்சினோடு பிறந்த கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குவது நல்லது. அப்படி வாங்கினால் பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் நான்கும் தாமாகப் பொருந்தும். அதன்பின் கியர் லீவர் வெளிவரும் இடம், கியர்பாக்ஸ் அமரும் தரைச் சுரங்கத்தின் அகலம், பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் என்ற மூன்றுதான் மிச்சம்.

அடாப்டர் தகடு வைத்து எஞ்சினையும் வேறொரு கியர்பாக்ஸையும் சேர்ப்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையக்கோடும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி, கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பெல் ஹவுசிங் துளையில் முள்ளின் அலைவு 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே பரவலாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. ஒரு தாளின் தடிமனைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். எங்கள் கூப்பே ஒன்றில் நான் இதை அளக்காமல் விட்டேன். கடையில் செய்துவந்த தகடு பார்க்கப் பளபளப்பாக இருந்தது, போல்ட்டுகள் எல்லாம் அழகாக இறங்கின. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால் ஓர் ஊளைச் சத்தம். இறக்கிப் பார்த்தபோது கிராங்கின் முனையில் இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் பைலட் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, இன்புட் ஷாஃப்ட் பேரிங்கில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அப்போது டயல் கேஜ் வைத்தேன்: 0.4 மில்லிமீட்டர். தகட்டில் டவல் பின்னுக்கான (இரு பாகங்களையும் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசிக்கான) துளைகளே போடப்படவில்லை. போல்ட்டுகளுக்கும் துளைகளுக்கும் இடையே இருந்த ஆட்டத்தில் கியர்பாக்ஸ் தன் விருப்பம்போல் உட்கார்ந்திருக்கிறது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. கியர்பாக்ஸின் வெளிமுனையும் டிஃபரென்ஷியலின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் மூட்டுக் கோணங்கள் சமமாகவும் மூன்று பாகைக்கு மிகாமலும் இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்கிறது என்று புலம்பும் கார்களில் பாதிக்கு இதுதான் நோய்.

டிஃபரென்ஷியலின் விகிதத்தை மாற்ற வேண்டுமா?

அநேகமாக. பழைய சிறு எஞ்சினுக்காக 4.3 விகிதம் (ஷாஃப்ட் 4.3 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை) வைத்த காரில், 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் நேரடி உச்ச கியரும் இருந்தால், 3000 சுழற்சியில் கிடைப்பது மணிக்கு 75 கிலோமீட்டர்தான். 6000 சுழற்சியிலேயே மூச்சு முடிந்துவிடும் பெரிய எஞ்சினை அதோடு இணைத்தால் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விகிதத்தை 3.3-க்கு இறக்கினால் அதே சுழற்சியில் 98 கிலோமீட்டர் வரும். உயரச் சுழலும் எஞ்சின் என்றால் பழைய விகிதமே அருமையாக ஒத்துப்போகக்கூடும்.

எல்லோரும் ஏன் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 எஞ்சினையே சொல்கிறார்கள்?

சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1997-இல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 எஞ்சின் 5.7 லிட்டர் கொள்ளளவில் 345 குதிரைத்திறன் தந்தது. அதன் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாக்கின் நடுவே புதைந்திருக்கிறது; வால்வுகளைத் தள்ளு கம்பிகள் இயக்குகின்றன. கேட்டால் பழங்காலத்து ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் ஹெட்டுகளின் மேல் கேம்ஷாஃப்ட்டுகள் இல்லாததால் எஞ்சின் குறுகலாகவும் தாழ்வாகவும் அடங்குகிறது. நான்கு கேம்ஷாஃப்ட் கொண்ட ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8, கொள்ளளவில் சிறியதாக இருந்தும் இதைவிட அகலமானது. பழைய கார்களின் எஞ்சின் பேயில் அகலம்தான் அரிய பொருள்.

ஒரு எச்சரிக்கை: இதே குடும்பத்தில் லாரி, ஜீப் வகை வாகனங்களுக்காக வார்த்த இரும்புப் பிளாக் எஞ்சின்களும் மலிவாகக் கிடைக்கும், அவை ஏறத்தாழ 40 கிலோ கூடுதல். முன்னர் சொன்ன எம்ஜிசி கதையை அந்த விலைச்சீட்டின் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் ஏற்கனவே உங்கள் கார் மாதிரியில் ஏற்றி ஓட்டிய எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மவுண்டுகள், சம்ப், மேனிஃபோல்டு ஆகியவை அளவெடுத்துத் தயாராகக் கிடைக்கின்றன என்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். எவரும் செய்யாததைச் செய்கிறோம் என்ற பெருமைக்கு, ஒவ்வொரு பிராக்கெட்டையும் நாமே மூன்று முறை வெட்டிச் செய்வதுதான் விலை.

டர்போ எஞ்சின் எப்படி?

நிசானின் எஸ்ஆர்20டிஇடி போன்ற அலுமினிய டர்போ எஞ்சின்கள் எடை குறைந்தவை, சக்தியைப் பின்னர் கூட்டவும் இடம் தருபவை. ஆனால் டர்போ, இன்டர்கூலர், அவற்றின் குழாய்கள் என எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் பிரேக் குழாய்களும் டர்போவின் அருகே ஓடினால் வெப்பத் தடுப்பு கட்டாயம். அழுத்தக் காற்று பிரேக் பூஸ்டருக்குள் புகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு வேலைசெய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வயரிங்கைக் கண்டு பயமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

எஞ்சினை வாங்கும்போதே அதன் முழு வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), சென்சார்கள், எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஆக்சிலரேட்டர் பெடல், சாவியோடு இயங்கும் இம்மொபிலைசர் பெட்டி ஆகிய அனைத்தையும் வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். கோடாரியால் வெட்டியதுபோல் கனெக்டர்களின் கழுத்தில் நறுக்கப்பட்ட வயரிங்கோடு விற்கப்படும் எஞ்சின், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் மலிவானது அல்ல. தனியாக விற்கப்படும் நிரல்படுத்தக்கூடிய ஈசியூ மற்றொரு வழி. அது வயரிங்கை எளிதாக்கும், ஆனால் டைனோவில் பொறுமையாக அமர்ந்து டியூன் செய்யத் தெரிந்த ஒருவர் தேவை.

டாஷ்போர்டு மீட்டர்களை மறந்துவிடாதீர்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினின் டேக்கோமீட்டர் (சுழற்சியைக் காட்டும் மீட்டர்) ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை எண்ணுகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நான்கு தரும். அப்படியே இணைத்தால் முள் இருமடங்கு காட்டும்.

பெட்ரோல் பம்பும் ரேடியேட்டரும் மாற்ற வேண்டுமா?

கார்புரேட்டர் காரில் இன்ஜெக்ஷன் எஞ்சினை ஏற்றுகிறீர்கள் என்றால் பம்போடு குழாய்களையும் மாற்றியே ஆக வேண்டும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் அழுத்தம் போதும்; இன்ஜெக்ஷனுக்குச் சுமார் 3 பார், எல்எஸ் எஞ்சின்களுக்கு ஏறக்குறைய 4 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாயும் சாதாரணக் கிளிப்பும் அந்த அழுத்தத்தில் விரிந்து கசிந்தால், பெட்ரோல் தெளிக்கும் இடம் சூடான எக்ஸாஸ்ட்டாக இருக்கும். டேங்குக்குள் தடுப்புச் சுவர் இல்லையென்றால், வளைவில் பெட்ரோல் ஒதுங்கும் கணத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும். ஒரு சிறிய இடைத்தொட்டி இதைத் தீர்த்துவிடும்.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, பெரியதை வைத்தும் சூடாகிறது என்பவர்கள் காற்று எங்கே நுழைகிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அது வெளியேற வழி இருக்கிறதா? பெரிய எஞ்சின் நிறைந்த எஞ்சின் பேயில் சூடான காற்று தேங்கிவிடுகிறது. ரேடியேட்டரின் ஓரங்களைத் தகடு வைத்து அடைத்து, முழு விசிறி உறையோடு மின்விசிறி பொருத்தினால், மெதுவாக ஊர்ந்து போகும் நேரத்துச் சூடு அடங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

பிரேக்குகளை உடனே மாற்ற வேண்டுமா?

முதல் வேகமான ஓட்டத்துக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பழைய எஞ்சினோடு மணிக்கு 160 கிலோமீட்டர் எட்டிய நேர்சாலையின் முடிவில் இப்போது 200 எட்டுகிறீர்கள் என்றால், பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 56 சதவீதம் கூடுகிறது. காரின் எடை கூடியிருந்தால் அதற்கும் மேல்.

பழைய எஞ்சினை வாங்கும்போது எதைச் சோதிப்பது?

ஓடுவதைக் கேட்க முடிந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். இன்னும் தெளிவாகப் பேசுவது லீக்-டவுன் சோதனை. வால்வுகள் மூடியபடி பிஸ்டன் மேலே வந்த நிலையில் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் சீறல் வருகிறதென்றால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று நுழையும் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளிருக்கும் தாளை விரித்து வெயிலில் காட்டுங்கள்; மினுக்கும் துகள்கள் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது.

ஓடாத எஞ்சின் என்றால், அதைப் பிரித்துச் சீரமைக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

சட்டம், காப்பீடு?

நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் மாற்றுவது, மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனை, பொறியாளரின் சான்று ஆகியவை எங்கே எந்த அளவுக்குத் தேவை என்பதை எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரின் ஆண்டைவிடப் பழைய எஞ்சினை ஏற்க மறுக்கும் இடங்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்த மாற்றம், விபத்தன்று வெளிவரும்.

எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும்?

எஞ்சினின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான். நான் பார்த்த வேலைகளில், எஞ்சினுக்குக் கொடுத்ததைப் போல் குறைந்தது இருமடங்கு சில்லறைப் பொருட்களில் போனது: குழாய்கள், கிளாம்புகள், சீல்கள், ஷாஃப்ட்டை வெட்டிச் சமநிலைப்படுத்துவது, எக்ஸாஸ்ட் வளைப்பது, இரண்டாம் முறை வாங்கிய தவறான கேஸ்கெட்டுகள். காலத்தைப் பொறுத்தவரை, எஞ்சின் முதல்முறை உறுமும் நாளைப் பாதிவழி என்று கணக்கிடுங்கள். வேலை நின்றுபோன கார்கள் பலவும் எஞ்சின் ஏறிய நிலையில்தான் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. ஹீட்டர் குழாய், கியர் லீவரின் உறை, ஸ்பீடோமீட்டர் கேபிள் போன்ற சின்ன வேலைகள்தான் அவற்றை அங்கே நிறுத்தியவை.

கழற்றிய பழைய எஞ்சினை விற்றுவிடலாமா?

இடம் இருந்தால் விற்காதீர்கள். உடலோடு பிறந்த எண்ணுள்ள எஞ்சின் கூடவே இருந்தால், பின்னாளில் அந்தக் காரை வாங்குபவர் நல்ல விலை தருவார். அதே காரணத்துக்காக ஃபயர்வாலையும் சட்டத்தையும் வெட்டாமல் போல்ட்டில் பொருந்தும் வழியையே நான் முதலில் தேடுவேன். வைத்திருப்பதென்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, பிளக்குகளை மீண்டும் மாட்டுங்கள். கூலன்ட் முழுவதையும் வடித்துவிடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளைத் துணியால் அடைக்காமல் தகடு வைத்து மூடுங்கள். துணி ஈரத்தை இழுக்கும், எலிகளுக்கும் பிடிக்கும். மவுண்டுகள், பிராக்கெட்டுகள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி, அந்த எஞ்சினோடேயே கட்டி வையுங்கள்.